வாசகர் கேள்வி பதில்: ரிப்போர்ட்ல எனக்கு வயசு 57ன்னு போட்டிருக்கு

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தப் பத்திதான், எபிஜெனெடிக் டெஸ்ட். எச்சிலோ ஒரு சொட்டு ரத்தமோ அனுப்பி வச்சா "உங்க உடம்போட நிஜ வயசு இதுதான்"னு ஒரு நம்பர் வருதே, அது. சில பேர் ஆசையா கேட்டிருக்கீங்க, சில பேர் பயந்துபோய் எழுதியிருக்கீங்க. நான் 11 வருஷம் இந்த வேலை நடக்கற லேப்லயேதான் இருந்தேன், அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பயந்தவங்களுக்கு முதல்ல.

கேள்வி: மேடம், எனக்கு வயசு 49. பிறந்தநாளுக்குன்னு பசங்க ஆசையா இந்த டெஸ்ட் கிட் வாங்கிக் கொடுத்தாங்க. ரிப்போர்ட்ல உயிரியல் வயசு 57.3ன்னு இருக்கு, பக்கத்துலயே சிவப்புல ஒரு அம்புக்குறி. எங்க அம்மா 61ல போயிட்டாங்க. அப்போ எனக்கு நாலு வருஷம்தான் மிச்சமா? பதினஞ்சு நாளா சரியா தூக்கமே இல்ல, பசங்ககிட்டயும் சொல்லல.

பதில்: இல்லம்மா. நாலு வருஷம்ங்கற கணக்கு அந்த ரிப்போர்ட்ல எங்கயுமே கிடையாது, 57.3ஐயும் அம்மாவோட 61ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு நீங்களா கழிச்சுப் பார்த்தது அது, ராத்திரி தனியா உக்காந்திருந்தா யாருக்குமே அப்படித்தான் தோணும். முதல்ல அந்தக் கழித்தல அழிச்சிடுங்க, மத்தத மெதுவா சொல்றேன்.

நம்ம டிஎன்ஏல எழுத்துங்க இருக்கு, அது பொறந்ததுல இருந்து கிட்டத்தட்ட மாறாது. ஆனா அந்த எழுத்துக்கு மேல உடம்பு குட்டி குட்டியா புள்ளி வைக்கும். தமிழ்ல "பல"ன்னு எழுதி லகரத்து மேல ஒரு புள்ளி வச்சா "பல்" ஆயிடுதுல்ல, எழுத்து அதேதான், ஒரு புள்ளியால உயிரோசை அடங்கிடுது, வாசிக்கறவங்களுக்கு வேற அர்த்தம் வருது. அதே மாதிரி டிஎன்ஏல சி-ங்கற எழுத்து மேல மெத்தில்னு ஒரு சின்ன கெமிக்கல் துணுக்கு போய் ஒட்டிக்கும், மெத்திலேஷன்னு சொல்றது இததான். ஒரு ஜீனோட ஆரம்ப இடத்துல இந்தப் புள்ளிங்க நிறைய விழுந்துச்சுன்னா பெரும்பாலும் அந்த ஜீன் அடங்கிப்போய் இருக்கும். உங்க கண்ணு செல்லுக்கும் ஈரல் செல்லுக்கும் ஒரே டிஎன்ஏதான், புள்ளி வச்ச விதம்தான் வேற. வயசாக ஆக சில இடத்துல புள்ளி கூடுது, சில இடத்துல குறையுது, அந்தக் கூடுதல் குறைச்சல கூட்டிப் பார்த்து வயச கணிக்கறதுதான் இந்த டெஸ்ட். எபிஜெனெடிக் கடிகாரம்னு சொல்றது இததான்.

இப்ப உங்க 57.3க்கு வரேன். அந்த .3 இருக்கு பாருங்க, எனக்கு அதான் ரொம்ப உறுத்துது. தசம புள்ளி வரைக்கும் துல்லியமா அளந்திருக்காங்கன்னு பார்த்தவுடனே நினைச்சுடுவோம். ஒரே ரத்தத்த ரெண்டா பிரிச்சு ரெண்டு தடவ ஓட்டிப் பார்த்தா பேர் வாங்கின ஆறு கடிகாரங்கள்ல ரெண்டு ரிசல்ட்டுக்கும் நடுவுல 3 வருஷத்துல இருந்து 9 வருஷம் வரைக்கும் வித்தியாசம் வரலாம்னு 2022ல ஒரு ஆராய்ச்சி பிரசுரம் ஆச்சு. ஆளு அதே ஆளு, ரத்தம் அதே ரத்தம், மெஷினோட இரைச்சல், அதாவது அளக்கறப்ப வர்ற தடுமாற்றம் மட்டுமே அவ்வளவு. அதுக்கப்புறம் இந்த இரைச்சல குறைக்கற கணக்கு முறையும் வந்துடுச்சு, ஆனா உங்க கிட் எந்த முறையில கணக்குப் போட்டுச்சுன்னு ரிப்போர்ட்டோட கடைசி பக்கத்துல பொடி எழுத்துல தேடினாதான் தெரியும், சிலதுல அதுவும் இருக்காது.

நானே ஒரு தடவ செஞ்சு பார்த்தேன். அப்ப எனக்கு 46. ஒரே காலைல ஒரே கைல இருந்து ஊதா மூடி ட்யூப் ரெண்டுல ரத்தம் எடுத்து, ரெண்டு வேற பேர் ஒட்டி ஒரே இடத்துக்கு அனுப்பினேன். ஒண்ணு 44ன்னு வந்துச்சு, இன்னொண்ணு 50. 44 வந்தத படிச்சப்ப மனசு லேசாச்சு, 50ஐ படிச்சப்ப நெஞ்சுக்குள்ள ஏதோ இறங்கின மாதிரி ஆச்சு, ரெண்டும் என் ரத்தம்தான்னு தெரிஞ்சும்கூட. அதனாலதான் உங்க பதினஞ்சு நாள் எப்படிப் போயிருக்கும்னு எனக்கு நல்லாவே புரியுது.

இன்னொண்ணு, சாம்பிள் கொடுத்த வாரம் காய்ச்சல், சளி, ஏதாவது இன்ஃபெக்‌ஷன், ரொம்ப டென்ஷனான நேரம், இப்படி எதாவது இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. ரத்தத்துல வெள்ளை அணு ஒரே வகை கிடையாது, பல வகை, ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வேற வேற மாதிரி இருக்கும். உடம்பு சரியில்லாதப்ப இந்த வகைங்களோட விகிதம் மாறும், விகிதம் மாறினா கடிகாரமும் ஆடும். இடுப்பெலும்பு உடைஞ்சு அவசர ஆபரேஷன் பண்ணின வயசானவங்ககிட்ட, ஆபரேஷனுக்கு மறுநாள் காலைல இந்த வயசு ஏறியிருந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள பழையபடி இறங்கிடுச்சு. கர்ப்பமா இருக்கறப்பவும், கடுமையான கோவிட்லயும் ஏறி அப்புறம் இறங்கறத அதே ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க, 2023ல வந்தது. ஏறினது அப்படியே நிக்கும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

அப்போ இந்த டெஸ்டே பொய்யான்னு கேப்பீங்க. பொய்னு சொல்ல மாட்டேன். 2019ல வந்த கிரிம்ஏஜ்னு ஒரு கடிகாரம், அத உருவாக்கினதே ஆயுளோட தொடர்ப கணக்குல எடுத்துதான், 1030 இடத்துல இருக்கற புள்ளிய வச்சு ரத்தத்துல இருக்கற 7 புரதத்தோட அளவையும் எவ்ளோ சிகரெட் பிடிச்சிருக்காங்கங்கறதையும் யூகிச்சு கணக்குப் போடும். ஆயிரக்கணக்கான பேர வச்சு பார்த்தா அதுல வயசு கூட வந்த கூட்டத்துல சராசரியா சாவு சீக்கிரம் வருது, அது நிஜம். ஆனா கூட்டத்துக்குப் பொருந்தற சராசரி தனி ஒரு ஆளுக்கு அப்படியே பொருந்தாது. செருப்பு தேஞ்சிருக்கறத வச்சு இவங்க எவ்ளோ நடந்திருப்பாங்கன்னு ஓரளவு சொல்லிடலாம், இன்னும் எவ்ளோ தூரம் நடப்பாங்கன்னு செருப்பு எப்படிம்மா சொல்லும்?

உங்க அம்மா எதனால போனாங்கன்னு நீங்க எழுதல. எனக்கு இந்த 57.3ஐ விட அதுதான் முக்கியம். ஹார்ட்டா, சுகரா, கேன்சரா, எதுவா இருந்தாலும் அத ஒரு டாக்டர்கிட்ட சொல்லி, பிபி, சுகர், கொலஸ்ட்ரால், கிட்னி இந்த சாதாரண டெஸ்டுங்கள எடுங்க. இதுல ஏதாவது தப்பா வந்தா அதுக்கு மருந்து இருக்கு, வழி இருக்கு. பசங்ககிட்டயும் இன்னைக்கே சொல்லிடுங்க, ஆசையா வாங்கிக் கொடுத்த பசங்க, அம்மா இப்படி தனியா தவிக்கறது தெரிஞ்சா அதுதான் அவங்களுக்கு இன்னும் வலிக்கும்.

கேள்வி: அக்கா, நான் பயோடெக் ரெண்டாம் வருஷம். ஒரு சொட்டு ரத்தத்துல இருந்து வயசு எப்படி வருதுன்னு லேப்ல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க, நெட்ல படிச்சா தலை சுத்துது.

பதில்: தம்பி, நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன். மெத்தில் புள்ளி இருக்கற சி-யையும் இல்லாத சி-யையும் சாதாரணமா டிஎன்ஏ வாசிக்கற மெஷினால பிரிச்சுப் பார்க்க முடியாது, ரெண்டுமே அதுக்கு சி-தான். அதனால டிஎன்ஏவ பைசல்ஃபைட்னு ஒரு கெமிக்கல்ல போட்டு சூடு பண்ணுவோம், தீக்குச்சி உரசினவுடனே மூக்குல ஏறுமே அப்படி ஒரு நெடி வரும் அதுல இருந்து. புள்ளி இல்லாத சி எல்லாம் அதுல உருமாறி கடைசியில மெஷினுக்கு டி-யா தெரியும், புள்ளி இருக்கற சி மட்டும் அப்படியே சி-யாவே நிக்கும். அதாவது கண்ணுக்குத் தெரியாத புள்ளிய கண்ணுக்குத் தெரியற எழுத்து வித்தியாசமா மாத்திடறோம். இந்த ஸ்டெப் டிஎன்ஏவ நிறைய சிதைச்சிடும், சரியா முடியாம பாதியில நின்னாலும் ரிசல்ட் கெட்டுடும், மேல சொன்னேனே இரைச்சல்னு, அதுல ஒரு பங்கு இங்கிருந்துதான் வருது.

அப்புறம் அத ஒரு சில்லு, அதாவது சிப் மேல ஊத்துவோம். மனுஷ டிஎன்ஏல புள்ளி விழக்கூடிய சிபிஜி இடங்க, அதாவது சி-க்கு அடுத்து ஜி வர்ற இடங்க, சுமார் 2 கோடியே 80 லட்சம் இருக்கு, சில்லு பார்க்கறது எட்டரை லட்சத்துக்கு கொஞ்சம் மேல. ஒவ்வொரு இடத்துலயும் விடை ஒரு சதவீதமா வரும், உங்க ரத்தத்துல இருக்கற செல்லுங்கள்ல இந்த இடத்துல இத்தனை சதவீதத்துல புள்ளி இருக்குன்னு. அத்தனை நம்பரையும் கம்ப்யூட்டர்ல போட்டு, வயசு தெரிஞ்ச ஆயிரக்கணக்கான ஆளுங்களோட நம்பரோட ஒப்பிட்டு, எந்தெந்த இடம் வயசோட ஒழுங்கா கூடுது, எது குறையுதுன்னு அதுவே பொறுக்கி எடுக்கும்.

இத பெரிய அளவுல முதல்ல செஞ்சு காட்டினது கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில இருந்த ஸ்டீவ் ஹார்வத், 2013ல. 8000 சாம்பிள், 51 வகை திசுவும் செல்லும், கடைசியில தேறினது 353 இடம். ரத்தமோ மூளையோ ஈரலோ எதக் கொடுத்தாலும் வயச சொல்லுச்சு, பிழை நடுவாந்திரமா 3.6 வருஷம். வேற வேற திசுவுக்கு ஒரே கடிகாரம்ங்கறத அப்ப நிறைய பேரால நம்பவே முடியல. கருவுல இருந்து எடுத்த, எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்ல கொடுத்தா கிட்டத்தட்ட பூஜ்யம்னு காட்டுச்சு, ஜப்பான்ல யமனாகா 2006ல கண்டுபிடிச்ச முறைப்படி வளர்ந்த செல்ல திரும்ப ஸ்டெம் செல்லா மாத்திட்டு கொடுத்தாலும் பூஜ்யத்துக்கே வந்துடுச்சு. எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கற விஷயம் அது, கடிகாரத்த பின்னாடி திருப்ப முடியும்னு ஒரு செல்லாவது நமக்குக் காட்டிடுச்சே.

ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோ. முதல் தலைமுறை கடிகாரங்க கணிக்கறது பிறந்து எத்தனை வருஷம் ஆச்சுங்கறத, அது போலீஸ் வேலைக்கு ரொம்ப உதவும், ரத்தக்கறையை வச்சு ஆளோட வயசு என்னன்னு யூகிக்க. ஆனா ஆரோக்கியத்துக்கு? பிறந்த வருஷத்த நூறு சதவீதம் சரியா சொல்ற கடிகாரம் இருந்தா அதுல ஆரோக்கியத்தப் பத்தி ஒரு தகவலும் இருக்காது, எல்லாருக்கும் பிறந்த தேதியேதான் திரும்பி வரும். அதனாலதான் ரெண்டாம் தலைமுறையில பிறந்த தேதிய மட்டும் நம்பாம, ரத்த டெஸ்ட் அளவுங்கள், சாவு, நோய் இதையும் சேர்த்துக் கொடுத்து கம்ப்யூட்டர பழக்க ஆரம்பிச்சாங்க. 2018ல மார்கன் லெவின் குழு கொண்டு வந்த ஃபீனோஏஜ், அடுத்த வருஷம் கிரிம்ஏஜ். அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, நியூசிலாந்துல டனீடின்ங்கற ஊர்ல 1972-73ல பிறந்த 1037 குழந்தைங்கள விடாம பின்தொடர்ந்து வந்த ஆராய்ச்சி. அவங்களுக்கு 26, 32, 38, 45 வயசு ஆனப்ப எல்லாம் கூப்பிட்டு, இதயம், நுரையீரல், கிட்னி, பல் ஈறு வரைக்கும் 19 அளவு எடுத்து, யார் உடம்பு வேகமா தேயுது யாருக்கு மெதுவான்னு பார்த்து, அந்த வேகத்த 173 இடத்துப் புள்ளியில இருந்து படிக்கறது டனீடின்பேஸ். அது எத்தனை வயசுன்னு சொல்லாது, வேகம் சொல்லும், 1ன்னா காலண்டர்ல ஒரு வருஷத்துக்கு உடம்புக்கும் ஒரு வருஷம்.

கேள்வி: 22 வருஷம் சிகரெட் பிடிச்சேன், விட்டு 6 வருஷம் ஆச்சு. உடம்புல அந்தத் தடம் இன்னும் இருக்குமா? இன்சூரன்ஸ்காரங்க இந்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடுமா?

பதில்: விட்டதுக்கு முதல்ல கைய கொடுங்க சார். எபிஜெனெடிக் டெஸ்ட் தெளிவா படிக்கற விஷயம் எதுன்னு என்கிட்ட கேட்டா வயசுன்னு சொல்ல மாட்டேன், சிகரெட்னுதான் சொல்வேன். ஏஹெச்ஆர்ஆர்னு ஒரு ஜீன் இருக்கு, புகையில இருக்கற நச்ச சமாளிக்கற வேலையோட சம்பந்தப்பட்டது. புகை பிடிக்கறவங்களுக்கு அதுல ஒரு இடத்துல புள்ளி சரசரன்னு குறைஞ்சிருக்கும், எவ்ளோ பிடிச்சாங்களோ அவ்ளோ குறைவு. வாயால இல்லன்னு சொன்னாலும் ரத்தம் ஆமான்னு சொல்லும். லேப்ல கண்ண மூடிட்டு பேர் இல்லாத ட்யூப வச்சுக்கூட, அந்த ஒரு இடத்தப் பார்த்தே இவர் நிறைய பிடிக்கறவர்னு பெரும்பாலும் சொல்லிடுவோம்.

உங்களுக்கு நல்ல சேதி என்னன்னா, கிட்டத்தட்ட 16,000 பேர வச்சு 2016ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில, புகை மாத்தின இடங்கள்ல பெரும்பாலானது விட்ட 5 வருஷத்துக்குள்ள, பிடிக்கவே பிடிக்காதவங்களோட அளவுக்கு திரும்பிடுச்சு. நீங்க அந்த 5ஐ தாண்டிட்டீங்க. சில இடம் மட்டும் 30 வருஷம் ஆனாலும் முழுசா திரும்பல, அதையும் மறைக்காம சொல்லணும். அதனால நிறைய வருஷம் பிடிச்சவங்களுக்கு நுரையீரல் ஸ்கேன் தேவையான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கறது நல்லது, விட்டாச்சேன்னு அத விட்டுடாதீங்க.

இன்சூரன்ஸ் கேள்விக்கு, தெரியும், தடம் கண்டிப்பா தெரிய வாய்ப்பு இருக்கு. அமெரிக்காவுல ஜீன் தகவல வச்சு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு 2008ல சட்டம் போட்டாங்க, அதுல மருத்துவ இன்சூரன்ஸ் வருது, ஆயுள் இன்சூரன்ஸ் வராது. கிட் வாங்கறப்ப "சம்மதிக்கிறேன்"னு ஒரு பட்டன அமுக்கறோமே, அதுக்கு முன்னாடி இந்தத் தகவல் யார்கிட்ட போகும், எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க, அழிக்கச் சொன்னா அழிப்பாங்களான்னு மூணு கேள்விக்காவது பதில் தேடிப் படிங்க. ஃபார்ம்ல எதையும் மறைக்காம எழுதிடுங்க, அதுதான் பின்னாடி உங்க குடும்பத்துக்கு நல்லது.

கேள்வி: நானும் என் தங்கச்சியும் ஒரே கரு ரெட்டைப் பிள்ளைங்க. அவளுக்கு மட்டும் நோய் வந்திருக்கு. ஒரே டிஎன்ஏ தானே?

பதில்: எழுத்து ஒண்ணு, புள்ளி ஒண்ணா இருக்காது. 3 வயசுல இருந்து 74 வயசு வரைக்கும் 40 ஜோடி ஒரே கரு ரெட்டையர்கள 2005ல ஸ்பெயின்ல பார்த்தாங்க. சின்ன வயசு ஜோடிங்களுக்கு புள்ளி அச்சு அசலா ஒரே மாதிரி, வயசானவங்கள்ல, அதுலயும் ரொம்ப நாள் பிரிஞ்சு வாழ்ந்தவங்கள்ல, நிறைய வித்தியாசம். ஆனா இந்தப் புள்ளி வித்தியாசத்தாலதான் உங்க தங்கச்சிக்கு நோய் வந்துச்சுன்னு யாரும் சொல்லிட முடியாது, தற்செயலும் இருக்கு. அவ என்ன தப்பு பண்ணினான்னு தேடாதீங்க. உங்களுக்கு ஒரே எழுத்துங்கறதால என்ன நோய்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லி நீங்களும் ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.

கேள்வி: டெஸ்ட் எடுத்த இடத்துலயே ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. மூணு மாசம் மாத்திரை, அப்புறம் திரும்ப டெஸ்ட், வயசு குறையும்னு கேரண்டி. என் ஃப்ரெண்டுக்கு நிஜமாவே 5 வருஷம் குறைஞ்சுது. சேரலாமா?

பதில்: சேராதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன், ஏன்னா உங்க ஃப்ரெண்டுக்கு குறைஞ்சது பொய்யா இருக்காது, அவங்க கண்ணால பார்த்த நம்பர் அது.

பேக்கேஜ்ல யார் சேருவாங்க? முதல் டெஸ்ட்ல வயசு ரொம்ப கூட வந்தவங்கதான். அப்படி கூட வந்தவங்கள்ல நிறைய பேருக்கு இரைச்சல் அன்னைக்கு மேல் பக்கமா அடிச்சிருக்கும், என்னோட 50 மாதிரி. அவங்கள சும்மா மூணு மாசம் விட்டுட்டு ஒரு மாத்திரையும் கொடுக்காம திரும்ப எடுத்தாலும் பெரும்பாலானவங்களுக்கு நம்பர் கீழதான் வரும். அதுக்கான பேர மாத்திரை வாங்கிக்குது. கேரண்டின்னு தைரியமா சொல்ல முடியறதும் இதனாலதான்.

ஒழுங்கா செஞ்ச ஆராய்ச்சியில எவ்ளோ குறையுதுன்னு பாருங்க, அப்ப உங்களுக்கே ஒரு அளவு பிடிபடும். கேலரின்னு ஒரு சோதனை, உடல் பருமன் இல்லாத 220 பேர், அதுல ஒரு பிரிவுக்கு ரெண்டு வருஷம் சாப்பாட்டோட கலோரிய நாலுல ஒரு பங்கு குறைக்கணும்னு சொன்னாங்க, அவங்களால முடிஞ்சது சராசரியா 12 சதவீதம் மாதிரி. டனீடின்பேஸ்ல வயசாகற வேகம் 2, 3 சதவீதம் குறைஞ்சுது. அதே ஆளுங்க அதே ரத்தம், ஃபீனோஏஜ்லயும் கிரிம்ஏஜ்லயும் ஒரு மாற்றமும் இல்ல. சுவிட்சர்லாந்துல 70 தாண்டின 777 பேர மூணு வருஷம் வச்சு பார்த்ததுல, தினம் ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவங்களுக்கு சில கடிகாரத்துல 3, 4 மாசம் குறைஞ்சுது. மூணு வருஷத்துக்கு மூணு நாலு மாசம்! உங்க பேக்கேஜ்காரங்க மூணு மாசத்துல 5 வருஷம்ங்கறாங்க.

இன்னொரு சிக்கல், புள்ளி மாறினா உடம்பு மாறிடுமாங்கறதே இன்னும் உறுதியாகல. நரை முடி வயச காட்டுது, டை அடிச்சா முடி கருப்பாகும், மூட்டு வலி போகாது. கடிகாரத்துல இருக்கற இடங்கள்ல எது முதுமைய உண்டாக்குது, எது அதோட நிழல் மட்டும்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. நிழல மட்டும் நகர்த்தற மாத்திரைய வாங்கி நாம என்ன பண்றது? தூக்கம், நடை, பிபி கட்டுப்பாடு, புகையை விடறது, இதெல்லாம் ஆயுள கூட்டும்னு கடிகாரம் வர்றதுக்கு பல பத்து வருஷம் முன்னாடியே ஆளுங்கள வச்சு பார்த்துத் தெரிஞ்சுகிட்டது, அதுக்கு புள்ளியோட சாட்சி தேவையே இல்ல.

கேள்வி: அப்போ நிஜ டாக்டருங்க யாராவது இந்த மெத்திலேஷன் டெஸ்ட பயன்படுத்தறாங்களா, இல்ல எல்லாமே வியாபாரமா?

பதில்: நல்லாவே பயன்படுத்தறாங்க, ஆயுள் பார்க்கறதுக்கு இல்ல அவ்வளவுதான். கிளியோபிளாஸ்டோமான்னு மோசமான ஒரு மூளைக் கட்டி, அதுல எம்ஜிஎம்டிங்கற ஜீன்ல புள்ளி விழுந்திருக்கான்னு பார்ப்பாங்க. அந்த ஜீனோட வேலை டிஎன்ஏ சேதத்த சரி பண்றது, கட்டியில அது அடங்கியிருந்தா டெமோசோலமைடுன்னு ஒரு கீமோ மருந்து பண்ற சேதத்த கட்டியால சரி பண்ணிக்க முடியாது, மருந்து நல்லா பிடிக்கும். 2005லயே இத காட்டிட்டாங்க. ஒரு ஜீன் வாய மூடினது அந்த நோயாளிக்கு அனுகூலம்.

பெருங்குடல் கேன்சருக்கு, செப்டின்9 ஜீன்ல புள்ளி இருக்கான்னு ரத்தத்துல பார்க்கற டெஸ்டுக்கு அமெரிக்காவுல 2016ல அனுமதி கிடைச்சுது, மலத்துல பார்க்கற இன்னொரு டெஸ்டுக்கு 2014ல. குழந்தைங்களுக்கு வர்ற பிராடர்-வில்லி சிண்ட்ரோம்னு ஒரு அபூர்வ கோளாறு, 15ஆவது குரோமோசோம்ல அப்பா பக்கத்துப் பிரதி வேலை செய்யாம போறது, அத கண்டுபிடிக்க மெத்திலேஷன் டெஸ்ட்தான் முதல் டெஸ்ட், நூத்துல 99க்கு மேல பிடிச்சிடும். இதுல எல்லாம் கேள்வி குறிப்பானது, ரிசல்ட் வந்தா அடுத்து என்ன செய்யணும்னு டாக்டருக்குத் தெரியும். எந்த டெஸ்ட்டா இருந்தாலும் எடுக்கறதுக்கு முன்னாடி "இது இப்படி வந்தா என்ன செய்வீங்க, அப்படி வந்தா என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க, ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா அந்த டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: நான் கர்ப்பமா இருந்தப்ப வீட்டுல ரொம்ப கஷ்டம், சரியா சாப்பிடல, தினமும் அழுகைதான். அம்மாவோட கஷ்டம் குழந்தையோட ஜீன்ல பதிஞ்சுடும்னு ஒரு வீடியோல பார்த்தேன். என் பொண்ணுக்கு இப்ப 12. அவ ஆயுள நான் குறைச்சுட்டேனா?

பதில்: இல்ல கண்ணம்மா. இந்தக் கேள்விய மூணு தடவ படிச்சேன்.

அந்த வீடியோக்காரங்க சொல்றது அனேகமா ஹாலந்து பஞ்சத்த வச்சுதான் இருக்கும். 1944-45 குளிர்காலத்துல போர் நேரம், ஹாலந்தோட மேற்குப் பகுதிக்கு சாப்பாடு வர விடாம அடைச்சுட்டாங்க, பஞ்சத்துல ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. அப்ப கருவுல இருந்தவங்கள 60 வருஷம் கழிச்சு, அதே வீட்டுல பஞ்சத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ பிறந்த கூடப்பிறந்தவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கரு உண்டாகற சமயத்துல பஞ்சத்துல மாட்டினவங்களுக்கு ஐஜிஎஃப்2ங்கற ஜீன்ல புள்ளி கொஞ்சம் குறைவா இருந்துச்சு. கொஞ்சம்தான், அதுவும் 60 வயசு வரைக்கும் நல்லபடியா வாழ்ந்துட்டு வந்து ரத்தம் கொடுத்தவங்க அவங்க. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல பஞ்சம் பார்த்தவங்ககிட்ட அந்தக் குறைவே தெரியல. ஒரு ஊரே பட்டினி கிடந்ததுக்கு அந்த ஜீன்ல கிடைச்ச தடமே அவ்வளவுதான்னா, நீங்க சரியா சாப்பிடாத நாளுங்களுக்கு உங்க பொண்ணு ஆயுள் குறைஞ்சுடும்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல.

பேரப்பிள்ளைங்க வரைக்கும் போகும்னும் சொல்லியிருப்பாங்க. கரு உருவான ஆரம்ப நாள்ல பழைய புள்ளிங்கள்ல பெரும்பகுதிய உடம்பு துடைச்சுட்டு புதுசா வைக்கும், முட்டையும் விந்தும் உருவாகறப்ப இன்னொரு தடவ துடைக்கும். எலியில சில புள்ளி இதத் தாண்டி நிக்கறத காட்டியிருக்காங்க, மனுஷங்ககிட்ட அத நிரூபிக்கறது ரொம்ப கஷ்டமா இருக்கு. அன்னைக்கு உங்களுக்குத்தான் யாராவது துணையா இருந்திருக்கணும். அந்த நாளுங்களோட பாரம் இன்னும் மனசுல இருக்குன்னா அதுக்கு ஒரு கவுன்சிலர்கிட்ட பேசுங்க, பொண்ணுக்காக இல்ல, உங்களுக்காக.

கேள்வி: 117 வயசு பாட்டிக்கு டெஸ்ட் பண்ணினாங்களாமே, என்ன வந்துச்சு?

பதில்: மரியா பிரன்யாஸ், ஸ்பெயின்ல இருந்தவங்க, 2024 ஆகஸ்ட்ல 117 வயசுல காலமானாங்க. உயிரோட இருந்தப்பவே ஆராய்ச்சிக்கு சம்மதிச்சு ரத்தம், எச்சில், எல்லாம் கொடுத்தாங்க. எபிஜெனெடிக் வயசு நிஜ வயச விட ரொம்ப கம்மியா வந்துச்சு. அதே சமயம் குரோமோசோம் நுனியில இருக்கற டெலோமியர், அது குட்டையானா வயசாயிடுச்சுன்னு சொல்வாங்களே, அது அவங்களுக்கு ரொம்பவே குட்டையா இருந்துச்சு. ஒரே உடம்புல ரெண்டு அளவுகோல் ரெண்டு எதிர் பதில் சொல்லிருக்கு, அவங்க 117 வரைக்கும் இருந்தாங்க.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு. நல்ல கிட் ஒண்ணு சொல்லுங்க, இப்பவே ஆரம்பிச்சா நல்லதுதானே?

பதில்: வேண்டாம். பெரியவங்க ரத்தத்துல பழக்கின கடிகாரம் வளர்ற பிள்ளைக்கு ஒத்து வராது, வளர்ற வயசுல புள்ளிங்க ரொம்ப வேகமா மாறும், ஹார்வத்தோட கடிகாரமே வளர்ச்சி முடியற வரைக்கும் வேகமா ஓடி அப்புறம்தான் நிதானத்துக்கு வருது. குழந்தைங்களுக்குன்னு கன்னத்து உள்பக்கம் சுரண்டி எடுத்து 94 இடம் பார்க்கற தனி கடிகாரம் 2020ல வந்துச்சு, ஆனா அது ஆராய்ச்சிக்கு, வீட்டுல பார்த்து முடிவெடுக்க இல்ல. அதோட அந்த ரத்தத்துல இருக்கற தகவல் உங்களோடது கிடையாது, அவனோடது. அவன் பெரியவனாகி வேணும்னா அவனே கொடுத்துக்கட்டும். இப்போதைக்கு அவன் தடுப்பூசி அட்டையில எதுவும் விட்டுப் போயிருக்கான்னு மட்டும் எடுத்துப் பாருங்க.